ஆலைச் சாம்பலை வயலில் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேரன்மகாதேவிப் பக்கம் வீடு. முன்பெல்லாம் திண்ணைக்கு வருகிறவர்கள் விதையைப் பற்றிக் கேட்பார்கள், பூச்சியைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது சாம்பலைப் பற்றிக் கேட்கிறார்கள். "சரக்கு இலவசம், லாரி வாடகை மட்டும் கொடுத்தால் போதும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நிற்கும். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது என்றுதான் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணாச்சி, சாம்பல் எல்லாம் சாம்பல்தானே? இதில் என்ன வகை?

எரித்தது எதுவோ, சாம்பலும் அதுதான். நம் பக்கம் கிடைப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது நிலக்கரிச் சாம்பல். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் அலகுகள் ஐந்து உண்டு. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பலாகவே மிஞ்சும் என்பதால் மலைமலையாகக் குவிகிறது. புகையோடு மேலே போய் வடிகட்டியில் பிடிபடும் நுண்தூள்தான் உலர் சாம்பல். 'ஃப்ளை ஆஷ்' என்று செங்கல் வியாபாரிகள் சொல்வது அதைத்தான்.

இரண்டாவது, அரிசி ஆலையின் உமிச் சாம்பல். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அதை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். மூன்றாவது விறகுச் சாம்பல். உடைமரம், சீமைக் கருவேலம், பனைமட்டை எரிக்கும் சூளைகளிலும் கொதிகலன்களிலும் கிடைப்பது. நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. என்ன எரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாத சாம்பல். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாம்பல் உரமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

இல்லை.

ஒரு வார்த்தை போதாது என்பவர்களுக்கு: தழைச்சத்து (நைட்ரஜன்) தீயிலேயே போய்விடுகிறது. கரிமச்சத்தும் பெரும்பாலும் அப்படித்தான். நிலக்கரிச் சாம்பலில் பாதிக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். அடுத்தது அலுமினிய ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், ஒரு சதவீத அளவில் இருந்தாலும் கண்ணாடி போன்ற நுண்மணிகளுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும், வேருக்கு எட்டாது. விறகுச் சாம்பலில்தான் நீரில் கரையும் சாம்பல் சத்து கணிசமாக உண்டு, கூடவே சுண்ணாம்பும் நிறைய உண்டு. உமிச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. இந்த மூன்றையும் 'உரம்' என்று ஒரே சாக்கில் கட்டி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உரம் இல்லை என்றால் ஏன் போடச் சொல்கிறார்கள்?

மின் நிலையங்களுக்குச் சாம்பலை அப்புறப்படுத்தியாக வேண்டும். 1999-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையிலிருந்தே அந்த நெருக்கடி தொடங்கிவிட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, விளைகிற சாம்பல் முழுவதையும் பயன்படுத்தச் சொல்கிறது. அனுமதித்த பயன்களில் விவசாயமும் ஒன்று. ஆனால் மண் பரிசோதனையின் அடிப்படையில், கட்டுப்பாட்டோடு என்ற நிபந்தனை உண்டு. லாரிக்காரர் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்.

அதற்காகப் பயனே இல்லை என்று தள்ளிவிட முடியாது. புளிப்பு மண்ணில் சாம்பலின் காரத்தன்மை சுண்ணாம்பு போட்ட பலனைத் தரும். வெறும் மணலில் நுண்தூள் இடுக்குகளை அடைத்து ஈரத்தைப் பிடிக்கும். நெல்லுக்குச் சிலிக்கா கிடைக்கும். காரணம் என்று சொல்ல இந்த மூன்றுதான். நம் சீமையில் பெரும்பாலான மண் புளிப்பு இல்லை. நடுநிலை அல்லது காரம். ஆகவே முதல் காரணம் நமக்கு அநேகமாகக் கிடையாது. எஞ்சிய இரண்டில் எது உங்கள் நிலத்துக்குப் பொருந்துகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கயத்தாறு பக்கம் கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிறது. சாம்பல் போட்டால் பொலபொலப்பாகும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். களியின் குணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றப் பத்து சதவீதமாவது கலக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 90 டன் ஆகிறது. பத்து டன் லாரி ஒன்பது நடை. ஒரு லாரியைக் கொட்டிவிட்டுப் பொலபொலப்பை எதிர்பார்ப்பவர் நூறில் ஒரு பங்கு மண்ணைத்தான் மாற்றியிருக்கிறார்.

கரிசலின் கார அமில நிலை ஏற்கெனவே எட்டைத் தாண்டியிருக்கும். அங்கே துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணமே அதுதான். அதன் மேல் காரச் சாம்பலைக் கொட்டினால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதை. ஆட்டுக்கிடை போடுங்கள். இரண்டு இரவு கிடை அமர்த்தும் செலவு லாரி வாடகையைவிடக் குறைவாகவே முடியும், தழைச்சத்தும் சேர்ந்து வரும்.

எங்கள் ஊர் திசையன்விளை. தேரி (செம்மணல் மேடு), ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. எங்களுக்காவது உதவுமா?

உதவலாம் தம்பி. நிலக்கரிச் சாம்பலுக்கு நம் சீமையில் ஓரளவு நியாயம் உள்ள இடம் தேரிதான். ஆனால் மேலே சொன்ன 900 டன் கணக்கு உங்களுக்கும் உண்டு. வயல் முழுவதும் தூவிப் பயன் காண முடியாது. குழி வெட்டி நடும் பயிர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கு ஒன்றரை அடி குழி எடுத்தால், வெளியே வந்த மண்ணில் இருபதில் ஒரு பங்கு சாம்பல், அதைப்போல் நான்கு மடங்கு கரம்பை (குளத்து வண்டல்), ஒரு கூடை மக்கிய தொழுவுரம் என்று கலந்து நிரப்புங்கள். உண்மையைச் சொன்னால் இதில் பெரும்பகுதி வேலையைச் செய்வது கரம்பைதான். குளத்துக் கரம்பை அருகில் கிடைக்கிறது என்றால் சாம்பலை நான் தேடிப் போகமாட்டேன்.

ஒரு முக்கிய விஷயம், காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் உலர் சாம்பலை இறக்கினால் உங்கள் நிலத்தில் பாதிகூட நிற்காது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குழலுக்குப் போகும். நனைத்து, தார்ப்பாய் மூடிய லாரியில் வந்தால் மட்டும் வாங்குங்கள். அடுத்து, கிணறு. தேரியில் மேலே போட்டது கீழே விரைவில் இறங்கும். கிணற்று ஓரம் குவித்து வைக்கவே கூடாது.

நாங்கள் ஆற்றுப் பாசனம், கார் பிசானம் இரண்டு போகம் நெல். அரிசி ஆலை உமிச் சாம்பல் போடலாமா?

போடலாம். இந்தக் கேள்விகளிலேயே நான் மனதார 'சரி' சொல்கிற இடம் இதுதான்.

நெல், சிலிக்காவை விரும்பி உறிஞ்சும் பயிர். வைக்கோலின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு சிலிக்காதான். நெல் தோகையை விரலில் உருவினால் கையைக் கிழிக்கிறதே, அந்தக் கூர்மை அதுதான். தோலுக்கு அடியில் படிந்து தாளை விறைப்பாக்குகிறது, சாய்வதைக் குறைக்கிறது, குலை நோய்ப் பூசணம் துளைத்து நுழைவதையும் தண்டுத் துளைப்பான் புழு கடிப்பதையும் கடினமாக்குகிறது. ஹெக்டேருக்கு ஐந்து டன் விளைந்தால் மண்ணிலிருந்து 230 முதல் 470 கிலோ வரை சிலிக்கான் வெளியேறுகிறது என்பது வேளாண் அறிவியலில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு.

முன்பு வைக்கோல் நம் மாட்டுக்குப் போய், சாணமாக வயலுக்கே திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரம் வந்த மறுநாளே கட்டுக்கட்டும் இயந்திரம் வருகிறது, வைக்கோல் கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. போன சிலிக்கா திரும்புவதில்லை. அதில் ஒரு பகுதியைத்தான் உமிச் சாம்பல் திருப்பிக் கொடுக்கிறது. அதிகக் காரமும் இல்லாததால் ஆற்றுப் பாசன வயலுக்கு இடைஞ்சல் குறைவு.

உமிச் சாம்பலில் கறுப்பு நல்லதா, வெள்ளை நல்லதா? வெள்ளைதான் சுத்தம் என்று ஆலையில் சொன்னார்கள்.

வயலுக்குக் கறுப்புதான் நல்லது. நம் பாட்டிமார் பல் துலக்கிய உமிக்கரி நினைவிருக்கிறதா? கையில் தேய்த்தால் நெகிழ்ந்து பொடியும், விரல் ரேகையில் கறுப்பு ஒட்டும். மிதமான சூட்டில் எரிந்த உமி அப்படித்தான் இருக்கும். அதிலுள்ள சிலிக்கா படிகமாகாதது. மெல்ல மெல்ல நீரில் கரைந்து வேருக்குப் போகும்.

பெரிய கொதிகலன்களில் 800 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் வெந்தால் சிலிக்கா படிகமாகிவிடுகிறது. வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், நறநறவென்று உறுத்தும். பயிருக்கு அது மணலைப் போட்டதற்குச் சமம். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். எந்தச் சாம்பலானாலும் மூக்கில் துண்டு கட்டாமல் தூவாதீர்கள். உமிச் சாம்பல் என்றால் இரண்டு சுற்று கட்டுங்கள்.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை? எப்போது?

மூட்டைக் கணக்கு ஏமாற்றும். ஐம்பது கிலோ அரிசி பிடிக்கும் சாக்கில் உமிச் சாம்பல் பெரும்பாலும் இருபது கிலோகூட வராது. எடை போட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு 500 முதல் 800 கிலோ என்று நான் சொல்வேன். பிசானத்துக்குத் தொழி உழவு அடிக்கும்போது கடைசி உழவுக்கு முன் போட்டு மிதித்துவிட வேண்டும். நட்ட பிறகு தூவினால் மிதந்து, கடைமடைக்காரர் வயலில் போய் ஒதுங்கும். ஆண்டுக்கு ஒரு போகம் போதும்.

அம்பாசமுத்திரத்தில் 1937-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்பை 16 நெல் ரகத்தைத் தந்தவர்கள். நெல் சந்தேகத்தை அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், என்னை மட்டும் நம்ப வேண்டாம்.

யூரியாவோடு சேர்த்துக் கலந்து வீசினால் ஒரே கூலியில் முடியுமே?

கூலி மிஞ்சும், யூரியா போகும். காரம் பட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். சந்தேகம் என்றால் ஒரு கைப்பிடி அம்மோனியம் சல்பேட்டில் ஈர விறகுச் சாம்பலைக் கலந்து முகர்ந்து பாருங்கள். கண்ணில் நீர் வரும். அந்த வாடைதான் உங்கள் பணம். டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டோடும் கலக்காதீர்கள்; அங்கே மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு கட்டிவிடும். சாம்பலுக்கும் உரத்துக்கும் இடையே இரண்டு வாரம் விடுங்கள்.

களக்காட்டில் வாழை. வாழைக்குச் சாம்பல் சத்துதான் முக்கியம் என்றால் சாம்பலையே போட்டுவிடலாமே?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. சாம்பல் சத்து என்பது பொட்டாசியம். விறகுச் சாம்பலில் மட்டும் அது எடுக்கும்படி இருக்கிறது. நல்ல சாம்பலில் ஐந்து சதவீதம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 50 கிராம். ஒரு வாழைக்குப் பரிந்துரை 330 கிராம். முழுவதையும் சாம்பலிலேயே கொடுக்க ஆறரை கிலோ வேண்டும். அவ்வளவு காரம் ஒரு மரத்தடியில் விழுந்தால் மண் என்ன ஆகும்? மரத்துக்கு ஒரு கிலோ, இரண்டு தவணையாக, தண்டை விட்டு ஒரு முழம் தள்ளி. மீதியைப் பொட்டாஷாகவே வையுங்கள். நிலக்கரிச் சாம்பலைப் பொட்டாஷுக்காக வாழைக்குப் போட்டால் வீண். ஏன் என்று இரண்டாவது பதிலில் இருக்கிறது.

சாம்பல் போட்ட பிறகு இலை ஓரம் மட்டும் கருகுகிறது. தண்ணீர் குறைவா?

தண்ணீராக இருந்தால் இலை முழுவதும் துவளும். ஓரம் மஞ்சளாகி, பிறகு கருகி, நடு நரம்பு பச்சையாகவே நின்றால், சாம்பலில் உள்ள போரான் என்ற நுண்சத்து மிகுந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அதுவும் முதிர்ந்த இலைகளில் முதலில் தெரிந்தால் இன்னும் உறுதி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு கொதிகலன்காரர் ஓசியில் கொடுத்த நிலக்கரிச் சாம்பலைக் கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் கீழே நாலு சட்டி கொட்டினேன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன், என் கொல்லைக்குப் பரிசோதனை எதற்கு என்ற நினைப்பு. மூன்றாம் வாரம் அடி இலைகள் நெருப்பில் வாட்டிய அப்பளம் போல ஓரம் சுருண்டன. என் மனைவி "துறையிலே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். அவரை, பயறு இனங்களெல்லாம் போரானுக்கு மிகவும் இளகியவை. சாம்பலைச் சுரண்டி எடுத்துவிட்டு நாலைந்து முறை தண்ணீர் கட்டிய பிறகுதான் புதுத் தளிர் சுத்தமாக வந்தது. அதே கொல்லையில் நின்ற தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியென்றால் பழைய சாம்பல், மின் நிலையத்துச் சாம்பல் குளத்தில் கிடப்பது, மேலானதுதானே?

பொதுவாக ஆம். மழையில் கிடந்த சாம்பலில் கரையும் போரானும் உப்பும் பெருமளவு கழுவப்பட்டிருக்கும். ஒரு பருவமழை நனைந்த சாம்பலையே குழிக்குப் பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடலோர மின் நிலையங்களில் சாம்பலைக் கடல்நீரில் கரைத்துக் குளத்துக்குத் தள்ளும் வழக்கம் உண்டு. அப்படி வந்த சாம்பல் உப்பை ஏற்றிக்கொண்டே வரும். பழையதென்று நம்பி வாங்கினால் வயலை உவராக்கிவிடும். நம் பக்கத்து நிலையம் கடலோரம் என்பதை மறக்க வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்தில் சாம்பலுக்கும் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கு அந்த எண் 1-க்குள் இருந்தால் கவலையில்லை. சாம்பலின் எண் அதைப்போல் பல மடங்கு காட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆர்சனிக், ஈயம், கதிர்வீச்சு என்றெல்லாம் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

அடிப்படை உண்டு. நிலக்கரியில் துளி அளவில் இருப்பவை, கரி எரிந்து போனதும் சாம்பலில் செறிந்து நிற்கின்றன. ஆர்சனிக், செலினியம் போன்றவை சூட்டில் ஆவியாகி, குளிரும்போது மிக நுண்ணிய துகள்களின் மேல் படிகின்றன. அதனால்தான் நயமான தூளே ஆபத்தும் கூடியது. மண் காரமாக இருந்தால் ஆர்சனிக்கும் மாலிப்டினம் என்ற உலோகமும் இன்னும் எளிதாக நகரும். கரிசலில் வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம்.

யுரேனியம், தோரியமும் அப்படியே செறிகின்றன; ஆனால் சாம்பலில் அவற்றின் அளவு சில பாறைகளிலும் மண்ணிலும் இயல்பாக இருப்பதை ஒட்டியதுதான். கதிர்வீச்சுள்ள மோனசைட் கனிமம் கலந்த கடற்கரை மணலில் காலாற நடந்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் அதற்காக முதலில் அஞ்ச வேண்டியதில்லை. உலோகம்தான் கவலை. மண்ணில் போட்ட உலோகத்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஆண்டுதோறும் போடுவது ஆண்டுதோறும் சேரும். ஆகவே ஒரே குழிக்கு ஒரே முறை. கீரை, கிழங்குப் பாத்திகளுக்கு நிலக்கரிச் சாம்பல் ஒருபோதும் வேண்டாம்.

மாட்டுத் தீவனச் சோளம், குதிரைமசால் போடும் நிலத்துக்கு?

வேண்டாம். மாலிப்டினம் தீவனத்தில் ஏறினால் மாட்டுக்குத் தாமிரக் குறைபாடு வரும். கழிச்சல், ரோமம் வெளுத்தல் எல்லாம் அதன் அடையாளம். பயறு வகைத் தீவனத்தில் இது கூடுதல்.

நிலம் களர். ஜிப்சத்துக்குப் பதில் சாம்பல் போட்டால் சரியாகுமா?

ஆகாது. களர் என்றால் சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை விரட்டக் கரையும் கால்சியம் வேண்டும், விரட்டியதை வடிக்கத் தண்ணீர் வேண்டும். ஜிப்சம் கால்சியம் தரும், காரத்தைக் கூட்டாது. சாம்பல் காரத்தைக் கூட்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அனல் மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போதும் ஒரு ஜிப்சம் கிடைக்கிறது. அதுவும் எரிப்பின் துணைப்பொருள்தான், ஆனால் அதன் வேலை வேறு. தரம் சோதித்தது என்றால் களருக்கு அது பொருந்தும். சாம்பல் பொருந்தாது.

"நாங்கள் விறகு மட்டும்தான் எரிக்கிறோம்" என்று ஆலைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

அவரை நம்புங்கள், சாம்பலையும் பாருங்கள். ஒரு சட்டிச் சாம்பலைச் சல்லடையில் சலித்தால் மேலே நிற்பது கதை சொல்லும். ஆணி, கம்பித் துண்டு, உருகி உறைந்த பளபளப்பான கட்டி, ஈயத்தாள் துணுக்கு இருந்தால் பழைய பலகையோ பிளாஸ்டிக்கோ குப்பையோ உள்ளே போயிருக்கிறது. பெயிண்ட் அடித்த பழைய மரத்தில் ஈயம் இருக்கலாம். பிளாஸ்டிக் எரிந்த சாம்பலில் டையாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அதைச் சல்லடை காட்டாது. குப்பைமேடு எரிந்த சாம்பலை 'மக்கிய உரம்' என்று தந்தாலும் தொடாதீர்கள். முதல் பதிலில் நான்காவது என்று சொன்னது இதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உலோகத்துக்கு இல்லை, அதற்கு ஆய்வகம் வேண்டும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் எங்கே கொடுக்கலாம் என்று கேளுங்கள். காரத்துக்கும் போரானுக்கும் உப்புக்கும் ஓரளவு உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி சாம்பலைக் கலக்கி, தெளிந்ததும் விரலில் தொட்டுத் தேயுங்கள். சோப்பு போல வழுக்கினால் காரம் மிகுதி.

அடுத்து, நான்கு சிரட்டை எடுங்கள். இரண்டில் உங்கள் வயல் மண் மட்டும். இரண்டில் இருபதுக்கு ஒன்று சாம்பல் கலந்த மண். ஒவ்வொன்றிலும் பத்து உளுந்து. மூன்று வாரம் பாருங்கள். முளைப்பு குறைந்தால் உப்போ காரமோ. முளைத்து ஓரம் கருகினால் போரான். நான் அவரைப் பந்தலுக்கு முன் செய்திருக்க வேண்டியது இந்த நான்கு சிரட்டைதான்.

அண்ணாச்சி, இதெல்லாம் சரி. லாரி நாளைக் காலை வருகிறது. இறக்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். லாரிக்காரரிடம் இரண்டு சாக்கு மட்டும் தரச் சொல்லுங்கள், டீச்செலவுக்கு ஏதாவது கொடுங்கள். ஒரு சாக்கிலிருந்து அரைக் கிலோ பரிசோதனைக்கு, கொஞ்சம் சிரட்டைக்கு. மற்றதைக் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். வயல் மண்ணையும் ஐந்தாறு இடத்தில் 'வி' வடிவில் வெட்டி எடுத்து, கலந்து, அரைக் கிலோவைத் தனிப் பையில் சாம்பலோடு சேர்த்து அனுப்புங்கள். இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காலை ஏழு மணிக்கு மேல் நான் திண்ணையில்தான் இருப்பேன்.